எழுந்து நிற்பதற்கு ஓர் உரிமம்

நவம்பர் பிறந்ததும் போ என்னும் பேராற்றின் மேலிருந்து மூடுபனி எழும். எழும்போது அதைக் கண்டவர் எவரும் இலர். காலையில் கதவைத் திறந்தால் அது முன்னமே வந்து வாசலில் அமர்ந்திருக்கும். கரையோரத்துப் பாப்லர் மரங்களின் உச்சி முதலில் மறையும், பின்பு இடை, பின்பு அடி. கோயில் மணிக்கூண்டு மறைந்துவிட, மணியோசை மட்டும் பற்றுக்கோடின்றி வெளியில் நிற்கும். வானும் வயலும் ஒரே வெண்மையாகிவிட்ட அந்நாள்களில் மனிதர் குரல் தாழ்த்திப் பேசுவர். விறகுப்புகையும் புதுத் திராட்சை மதுவின் புளிப்பும் தெருவைவிட்டு அகலாமல் கிடக்கும். இறந்தோரை நினைக்கும் மாதம் அது. போந்தெநேரோ என்னும் அச்சிற்றூரார் அம்மாதத்தில் தம் பாவங்களையும் தம் கால்பந்துக் கழகத்தையும் ஒருசேர எண்ணிப் பெருமூச்செறிவது வழக்கம். அவ்வாண்டு பாவங்களின் நிலைமை கழகத்தின் நிலைமையைவிட மேலாக இருந்தது.

மூன்றாம் பிரிவின் அடிவரிசையில் கழகம் கிடந்தது. கழகத் தலைவர் கவலியேரே லேயார்கோ பொனாத்ஸி, மொர்தாதெல்லா என்னும் பருத்த பன்றியிறைச்சி உருளையைச் செய்து விற்றுப் பெரியவரானவர். அரசு தந்த கவலியேரே பட்டத்தைத் தூங்கும்போதும் கழற்றாதவர். ஒரு ஞாயிற்றுக்கிழமைத் தோல்விக்குப் பின் அவர் உடைமாற்றும் அறைக்குள் வந்து சொன்னார்:

"இந்த வருஷம் கீழே இறங்கினோம்னா, மைதானத்துல பன்றித்தொடை காயப்போடுற கொட்டகை கட்டிடுவேன். பன்றியாவது வாராவாரம் தோக்காது."

இதைக் கேட்டு மற்றவரைவிட மிகுதியாக நடுங்கியவர் எர்மெஸ் கவியோலி. அந்த மைதானத்தில்தான் அவர் ஆடத் தொடங்கினார். பெரிய நகரங்களின் பெரிய கழகங்களில் இருபதாண்டுக்கு அருகாகப் பின்களத்தைக் காத்துவிட்டு, முழங்கால் தேய்ந்து, அங்கேயே திரும்பியிருந்தார். நாட்டின் பல ஊர்களில் மழைக்குறி தோன்றும்போது, முன்னாள் முன்களக்காரர் பலர் தம் கணுக்காலைத் தடவிக்கொண்டு அவர் பெயரைச் சொல்வர். அவருக்குக் கிடைத்த புகழ் அவ்வளவே. அது அவருக்குப் போதுமானதாகவும் இருந்தது. இப்போது அவருக்கிருந்த ஆசைகள் இரண்டு. ஒன்று, கழகம் பிழைக்க வேண்டும். மற்றது, சட்டப்படி ஒருநாள் தம்மை எவராவது 'மிஸ்டர்' என்று அழைக்க வேண்டும்.

பயிற்சியாளரை மிஸ்டர் என்பதே அந்நாட்டு வழக்கம். எர்மெஸ்தான் அணியைப் பயிற்றினார். ஆனாலும் அவர் மிஸ்டர் அல்லர். கால்பந்துச் சம்மேளனத்தின் உரிமம் பெற்றவரே மிஸ்டர். அவர் மட்டுமே ஆட்டத்தின்போது எழுந்து நிற்கலாம், கோட்டோரம் நடக்கலாம், வாய் திறக்கலாம். ஆதலால் ஏழைக் கழகங்கள் யாவும் செய்வதையே போந்தெநேரோவும் செய்தது. உரிமமுள்ள ஒரு முதியவரைத் தேடிக் கொணர்ந்து பெஞ்சில் அமர்த்தியது. ப்ரொஃபஸர் தொராந்தோ ஸம்பெல்லி எப்பள்ளியிலும் கற்பித்தவர் அல்லர். உரிமம் இருந்தமையால் ஊர் அவரைப் ப்ரொஃபஸர் ஆக்கியது. வாரம் ஒரு மொர்தாதெல்லாவும் இரண்டு போத்தல் செம்மதுவும் அவருக்குக் காணிக்கை. தொடக்க ஊதல் அவருக்குத் தாலாட்டு. முடிவு ஊதல் திருப்பள்ளியெழுச்சி. இடையில் கம்பளி போர்த்திய அவர் மடியில் உரிம அட்டை கிடந்து, அணியை ஆண்டுகொண்டிருந்தது.

எர்மெஸ் மசாஜ்காரராகப் பதிவாகியிருந்தார். தோளில் ஒரு பை. பையில் குளிர்நீர், பஞ்சு, கற்பூர எண்ணெய்ப் புட்டி. மைதானத்துக்குச் செல்லும் சுரங்க வழியின் சுவரில், முன்னொரு வெள்ளம் கொண்டுவந்து ஒதுக்கிய சிறு மாதா சொரூபம் ஒரு மாடத்தில் இருந்தது. அதன் முன் ஒரு விளக்கும் இருந்தது. அதற்கு எண்ணெய் ஊற்றுவது எந்தப் பதவிக்குரிய கடமை என்று கழகம் இன்னும் தீர்மானிக்காததால் அது எரிவதில்லை. எர்மெஸ் போகும்போதும் வரும்போதும் சிலுவைக் குறி வரைந்துகொள்வார். அதற்கு உரிமம் தேவைப்படவில்லை.

சம்மேளனத்தின் கண்காணிப்பாளர் டாக்டர் ஃபுல்ஜென்ஸியோ அர்திஸ்ஸோனே ஆட்டத்தைப் பார்ப்பதில்லை. பார்வையாளர் மேடையின் உச்சியில் அமர்ந்து, தொலைநோக்கியால் எர்மெஸின் உதடுகளையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள் இடைவேளையில் இறங்கி வந்தார்.

"கவியோலி, நீங்க வாயைத் திறந்தீங்க."

"கொட்டாவி விட்டேன், டாக்டர்."

"எந்தப் பக்கம் பாத்து?"

"முன்னாடிதான்."

"முன்னாடி மைதானம் இருக்கு. மைதானத்தை நோக்கிய கொட்டாவி, அறிவுரையாகக் கருதப்படும்."

"ப்ரொஃபஸர் ஆட்டம் பூரா கொட்டாவி விடுறாரே?"

"அவர் விடலாம். அவருக்குத் தகுதி இருக்கு."

எர்மெஸ் அதன்பின் வாயில் ஒரு கைக்குட்டையைக் கடித்துக்கொண்டு அமர்ந்தார். கைக்குட்டையை நோக்கிச் சில நேரம் ஐயத்துடன் தொலைநோக்கி திரும்பியதுண்டு.

விதி உடைந்த விதம் இது. டிசம்பர் தொடக்கத்தில், அண்டை ஊரோடு ஆடிய ஆட்டத்தில், அணித் தலைவனும் நடுப் பின்களக்காரனுமான லோரிஸ் மெய்யாகவே அடிபட்டு விழுந்தான். நடுவர் கைகாட்ட, எர்மெஸ் பையோடு ஓடினார். மண்டியிட்டார். அவன் கணைக்காலைக் கையால் பற்றி எண்ணெய் தேய்த்தார். தேய்க்கத் தேய்க்க, பெஞ்சில் கைக்குட்டைக்குப் பின்னால் அடைபட்டுக் கிடந்த சொற்கள் தாமாக இறங்கி வந்தன.

"அந்த ஒன்பதாம் நம்பர் இருக்கானே, பந்தை வாங்குறதுக்கு முன்னாடி தோளுக்குமேல ஒருதரம் திரும்பிப் பாப்பான். அவன் பாக்கும்போது நீ பின்னாடி நில்லு. பாத்து முடிச்சதும் முன்னாடி வந்துடு."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். வலிக்குதா?"

"கொஞ்சம்."

"வலிக்கட்டும், எந்திரி."

ஒன்பதாம் எண்காரன் அதன்பின் பந்தைத் தொடவில்லை. ஆட்டம் வெற்றி. ஆட்டக்காரர் பதினொருவரும் அன்று மதுக்கடையில் நெடுநேரம் எதையோ ஆழ்ந்து பேசிக்கொண்டிருந்தனர்.

அடுத்த ஞாயிறு, பக்கத்தில் ஒருவருமே இல்லாத இடத்தில் கோல் கீப்பர் உகோ விழுந்தான். எர்மெஸ் பதறி ஓடினார்.

"எங்கடா அடி?"

"அடியெல்லாம் ஒண்ணுமில்ல, மிஸ்டர். அவங்க கார்னர் அடிக்கும்போது நான் வெளிய வரணுமா, உள்ளயே இருக்கணுமா? அதைக் கேக்கத்தான் விழுந்தேன்."

"மிஸ்டர்னு சொல்லாதடா, மேல அந்தாளு பாக்குறான். உள்ளயே இரு. முழங்காலைப் பிடிச்சுக்கோ, அழு."

"அழுகை வரலயே."

"உள்ள போன கோலையெல்லாம் நினைச்சுக்கோ."

உகோ மனமுருக அழுதான்.

பனி உறைந்து, கொட்டி, மீண்டும் உறைந்த அந்த வாரங்களில் போந்தெநேரோ அணி விழுந்து விழுந்து எழுந்தது. ஐயம் வந்தவன் விழுந்தான். ஐயம் தெளிந்தவன் எழுந்தான். இடப்பக்கம் ஓடுபவன் கேட்பதற்கு ஒன்றும் இல்லாதபோதும், சும்மா ஒரு பேச்சுத் துணைக்காக விழத் தொடங்கினான். அவனை எர்மெஸ் கண்டித்துவைத்தார். எதிரணியினரோ தாம் தொடாமலே மனிதர் சாய்வது கண்டு அச்சமுற்று, தள்ளியே ஆடினர். அணி பட்டியலில் மெல்ல ஏறியது. நீவெஸ், எர்மெஸின் மனைவி, சேறு படிந்த காற்சட்டைகளை ஊறவைத்தபடி சொன்னாள்:

"ஊர்ல எல்லா மிஸ்டரும் கோட்டு சூட்டு போட்டு நிக்கிறாங்க. என் வீட்டு மிஸ்டருக்கு மட்டும் முட்டியில சேறு."

"நான் மிஸ்டர் இல்லயே, நீவெஸ்."

"சேத்துக்கு அது தெரியலயே."

இத்தனை வீழ்ச்சிகளும் சம்மேளனத்தின் கவனத்துக்கு எட்டாதிருக்குமா? ஒரு மருத்துவக் குழு வந்தது. ஆட்டக்காரரின் எலும்பைத் தட்டிப் பார்த்தது. மைதானத்து மண்ணை முகர்ந்து பார்த்தது. ஒருவர் சிறிது சுவைத்தும் பார்த்தார். இறுதியில் குழுத் தலைவர், கவலியேரே பொனாத்ஸியின் தொழிற்கூடத்தில், தொங்கும் இறைச்சியுருளைகளின் நடுவே நின்று முடிவை அறிவித்தார்: இவ்வட்டாரத்தார் போதிய பார்மேசான் பாலாடைக்கட்டி உண்பதில்லை.

ஊர் இரண்டு நாள் வாயடைத்துக் கிடந்தது. சூப்பிலும் பாஸ்தாவிலும் அதைத் துருவிப் பெய்து, தொட்டிலில் கிடக்கும் குழந்தையின் கையிலும் ஒரு துண்டு கொடுக்கும் ஊர் அது. தோல்வியைப் பொறுத்தது; இகழ்ச்சியைப் பொறுக்கவில்லை. மூன்றாம் நாள், குழுவுக்கு மதிய உணவாக, பாலாடைக்கட்டி ஒரு துருவலும் இல்லாமல், வெறும் நீரில் வெந்த சோறு வழங்கப்பட்டது.

ஆனால் டாக்டர் ஃபுல்ஜென்ஸியோ பாலாடைக்கட்டியை நம்பவில்லை. அவர் தொலைநோக்கியை உதட்டிலிருந்து முழங்காலுக்குத் தாழ்த்தியிருந்தார். கவலியேரேயிடம் சொன்னார்:

"உங்க மசாஜ்காரர் தேய்க்கும்போது பேசுறார். ஒண்ணு, மலைமேல இருக்கிற நம்ம உயர் கல்விக்கூடத்துக்குப் போய் உரிமம் வாங்கட்டும். இல்லைன்னா அவர் தோள்பைக்கும் தடை போட்டுடுவேன்."

"அவரில்லாம நாங்க தோத்துடுவோமே, டாக்டர்."

"முறைப்படி தோற்பதில் என்ன குறை?"

எர்மெஸ் மறுக்கவில்லை. உள்ளுக்குள் மகிழ்ந்தார் என்பதே உண்மை. பெட்டியில் கட்டம்போட்ட புதுக் கோட்டு ஒன்றை மடித்து வைத்தார். புறப்படும்போது ஒரு பந்தையும் எடுத்துவைத்தார்.

பந்து வாயிலிலேயே பறிமுதல் செய்யப்பட்டது.

"வளாகத்துக்குள்ள பந்து கொண்டுவரக் கூடாது. கவனம் சிதறும்," என்றான் காவலாளி.

சைப்பிரஸ் மரங்கள் இரு மருங்கும் வரிசை கட்டி நிற்க, சலவைக்கல் படிகள் ஏறிச்செல்லும் அந்த மாளிகையில், கூடத்தலைவர் மகாப்ரொஃபஸர் அத்தீலியோ குவரேங்கி வரவேற்புரை ஆற்றினார். அவர் கால்கள் எந்நாளும் புல்லை அறியாதவை. ஆதலால் அவர் காலணிகளில் முகம் பார்க்கலாம்.

"அன்பர்களே! நாப்பது வருஷமா நான் கால்பந்தை ஆராய்ஞ்சுகிட்டு வர்றேன். இந்தக் கலைக்குப் பெருங்கேடு செய்தது எதுன்னு கேட்டா, பந்துன்னுதான் சொல்லுவேன். அது வராத வரைக்கும் நம்ம திட்டங்கள் எல்லாமே சரியா இருக்கு. அடுத்த கேடு ஆட்டக்காரங்க. அவங்களை முழுசா நீக்கமுடியாதுங்கிறதை வருத்தத்தோட ஒத்துக்கறேன். ஆனா ஒண்ணு. எங்ககிட்ட படிச்சவங்க ஜெயிப்பாங்கன்னு நான் உறுதி கொடுக்க மாட்டேன். எங்ககிட்ட படிச்சவங்க தோத்தா, ஏன்னு அவங்களாலே ஒரு மணிநேரம் பேசமுடியும்!"

கைதட்டல் நெடுநேரம் நீடித்தது. எர்மெஸும் தட்டினார்.

பாடங்கள் தொடங்கின. கையசைவுப் பாடத்தில், கோட்டோரம் நின்று இரு கைகளையும் விரித்து விண்ணை நோக்கும் முறை கற்பிக்கப்பட்டது. எர்மெஸ் விரித்தபோது, தழுவ வருபவர்போல் இருக்கிறது என்று மதிப்பெண் குறைத்தனர். தோல்வியுரைப் பாடம் இன்னும் கடினம். காற்றைக் குறைகூறுதல் ஒரு காலையில் முடிந்தது. புல்லைக் குறைகூறுதலும் எளிதே. நடுவரைக் குறைகூறாமல் குறைகூறுதல் என்னும் பகுதிக்கு ஒரு வாரம் பிடித்தது. வெற்றியுரை பாடத்திட்டத்தில் இல்லை. தேவைப்படாது என்று முன்னோர் விட்டுவிட்டனராம்.

சொற்பாடம்தான் எல்லாவற்றிலும் மேலானது. 'ஓடு' என்பது அங்கே விலக்கப்பட்ட சொல். 'செங்குத்து வெளியைச் செயலூக்கத்துடன் ஆட்கொள்' என்று சொல்லவேண்டும். 'நில்' என்பதற்கு 'நேர்மறை அசைவின்மையில் நிலைபெறு'. எர்மெஸ் இரவும் பகலும் உருப்போட்டார். தொலைபேசியில் நீவெஸ் ஊர்ச்செய்தி சொன்னாள்: ப்ரொஃபஸர் தனியே உறங்க, அணி தொடர்ந்து தோற்கிறது.

"பசங்க விழுறாங்க, எர்மெஸ். ஆனா போய்ப் பாக்க ஆளில்ல. கொஞ்சநேரம் கிடந்துட்டு அவங்களே எந்திரிச்சுடுறாங்க. பாக்கவே பாவமா இருக்கு."

"அது முன்னிலைத் துணையின் இடைக்காலப் பற்றாக்குறை, நீவெஸ்."



"சாப்பிட்டியா?" என்றாள் அவள், கவலையோடு.

ஆய்வேட்டுக்கு அவருக்கு ஒதுக்கிய தலைப்பு, 'எதிராளி இல்லாத சூழலில் தடுத்தாடுதல்'. வாழ்நாள் முழுதும் எதிராளியின் மூச்சைப் பிடரியில் உணர்ந்து வாழ்ந்தவர் அத்தலைப்பின் முன் பச்சைக் குழந்தையானார். வாய்மொழித் தேர்வில் ஒரு நாற்காலியைக் காட்டி, அது முன்னேறி வருவதாகக் கருதித் தடுத்துக் காட்டச் சொன்னார்கள். பழைய உணர்வு ஒரு கணம் விழித்தது. எர்மெஸ் சறுக்கிச் சென்று தடுத்தார். நாற்காலியின் இரு கால்கள் முறிந்தன. தேர்வாளர் மூவரும் தனியே கூடிப் பேசினர். நாற்காலி பந்தை இழந்தது உறுதி என்றும், ஆயினும் பந்து இல்லாததால் இழப்பு கோட்பாட்டளவிலேயே நிகழ்ந்தது என்றும், அதுவே இக்கூடத்தின் குறிக்கோள் என்றும் கண்டு, அவரைச் சிறப்பு நிலையில் தேறியவர் என அறிவித்தனர். கழுத்தில் உரிம அட்டை ஏறியது. மகாப்ரொஃபஸர் கைகுலுக்கி, "வாழ்த்துகள், மிஸ்டர்," என்றார். எர்மெஸின் கண் கலங்கியது. வெளியேறும்போது காவலாளி பந்தைத் திருப்பித் தந்தான். அதில் காற்று இறங்கியிருந்தது.

ஊர் திரும்பினார். கட்டம்போட்ட கோட்டோடு கோட்டோரம் நின்றார். அந்த வசந்தத்தில் அவரைத் தடுக்க எவராலும் முடியவில்லை. அவருடைய அணியைத் தடுக்க எவருக்கும் அவசியம் ஏற்படவில்லை. "மறுமுனைச் சமநிலையை மீட்டெடு!" என்று அவர் கூவுவார். லோரிஸ் நின்று, திரும்பி, அவரை உற்றுப் பார்ப்பான். அதற்குள் பந்து வலைக்குள் போய்விடும். டாக்டர் ஃபுல்ஜென்ஸியோ மேலிருந்து தலையசைத்துப் பாராட்டுவார். ஒருவருக்கு இரு பதவி கூடாதாகையால் மசாஜ்காரர் பதவிக்குப் ப்ரொஃபஸர் ஸம்பெல்லி மாற்றப்பட்டிருந்தார். எவனாவது விழுந்தால் அவர் கைத்தடியூன்றிப் புறப்படுவார். பாதி வழியில் வந்த வேலையை மறந்து, நல்ல வெயிலாயிருந்தால் அங்கேயே சற்று நிற்பார்.

கழகம் மீண்டும் அடிவரிசையில் வந்து நின்றது. மே இறுதியில், போர்கோ ஸலீஸே அணியோடு ஒரேயொரு ஆட்டம் மிஞ்சியது. சமனில் முடிந்தால் போந்தெநேரோ பிழைக்கும், தோற்றால் இறங்கும். மைதானத்தின் வாயிலில் கவலியேரே கொட்டகைக்கான மரச்சட்டங்களைக் கொண்டுவந்து அடுக்கியே விட்டார்.

பாப்லர் மரங்கள் பஞ்சு உதிர்க்கும் காலம் அது. நவம்பரில் பனியால் வெளுத்த வானம் இப்போது பஞ்சால் வெளுத்திருந்தது. இடைவேளைக்கு முன்பே ஸலீஸே ஒரு கோல் போட்டது. எர்மெஸ் நின்றார், நடந்தார், கைகளை விரித்தார், கற்ற சொல் அனைத்தையும் சொன்னார். ஆட்டம் முடியச் சிறிதே இருக்கையில் லோரிஸ் நடுக்களத்தில் விழுந்தான். ஒருவரும் அவனைத் தொடவில்லை.

ப்ரொஃபஸர் கம்பளிக்குள் உறங்கிக்கொண்டிருந்தார். லோரிஸ் எழவில்லை. கிடந்தபடியே கோட்டோரத்தைப் பார்த்து அலறினான்:

"மிஸ்டர்! என்ன பண்ணணும்னு சொல்லுங்க!"

"இரண்டாம் கட்ட உயரத்தில்..." என்று எர்மெஸ் தொடங்கினார்.

"ஐயோ, மனுசன் பேசுறமாதிரி பேசுங்க மிஸ்டர்! எல்லாம் போகப்போகுது!"

எர்மெஸ் வாய் திறந்தார். மலைமேல் கற்ற சொற்கள் வழியடைத்து நின்றன. அவற்றின் பின்னே எங்கோ தம் சொற்கள் நிற்பதை உணர்ந்தார், எட்டவில்லை. நிமிர்ந்து நின்ற தம் கால்களைப் பார்த்தார். காற்சட்டையின் முழங்காலில் ஒரு சுருக்கமும் இல்லை. நீவெஸ் காலையில் தேய்த்துத் தந்தது.

கழுத்து அட்டையைக் கழற்றினார். உறங்கும் ப்ரொஃபஸரின் கழுத்தில் மாட்டினார். அவர் காலடியில் கிடந்த பையை எடுத்துத் தோளிலிட்டார். மேலிருந்து, "மிஸ்டர்! கோட்டைத் தாண்டாதீங்க! தாண்டினா உரிமம் போயிடும்!" என்ற குரல் கேட்டது. உரிமத்தோடு அவர் கேட்ட கடைசி 'மிஸ்டர்' அது. பையைக் கண்ட நடுவர், பழக்கத்தால், வா என்று கைகாட்டினார். எர்மெஸ் தாண்டினார்.

ஓடிச்சென்று மண்டியிட்டார். லோரிஸின் கணைக்காலைப் பற்றினார். புல்லின் ஈரம் முழங்காலில் ஏறியது, கற்பூர வாசனை எழுந்தது, சொல் வந்தது.

"அவங்க ஆளுங்கள்ல உயரமான ரெண்டு பேரும் உன்னை மட்டுந்தான் பாத்துக்கிட்டிருக்காங்க. தெரியுமா?"

"தெரியும். அதனாலதான் என்னால தலையால முட்ட முடியல."

"முட்ட வேணாம். அடுத்த கார்னர்ல நீ விழு."

"விழுறதா?"

"வருஷம் பூரா அதைத்தானடா பண்ணினே. முதல் கம்பத்துக்கிட்ட போய் நல்லா விழு. ரெண்டு பேரும், நாம தொடலயேன்னு நடுவரைப் பாப்பாங்க. பின்னாடி இருக்கிற இடப்பக்கத்துக்காரன் பாத்துக்குவான்."

"அவன் சும்மா பேச்சுத் துணைக்கு விழுறவனாச்சே."

"இன்னிக்கு ஒருநாள் நிக்கச் சொல்லு."

கார்னர் வந்தது. லோரிஸ் விழுந்தான், அப்படி ஒரு வீழ்ச்சியை அந்த ஆற்றுச் சமவெளி கண்டதில்லை. நெடியவர் இருவரும் கைகளை உயர்த்தித் தம் தூய்மையை நடுவர்க்குக் காட்டினர். அவர்களுக்குப் பின்னால் பந்து இறங்கியது. இடப்பக்கத்துக்காரன், வாழ்வில் முதன்முறையாகத் தேவையான நேரத்தில் நின்றுகொண்டிருந்தவன், நெற்றியால் அதை உள்ளே அனுப்பினான்.

ஆட்டம் சமன். முடிவு ஊதல். ப்ரொஃபஸர் கண்விழித்தார், தம் கழுத்தில் உரிமம் இருப்பது கண்டு, எப்போதும் இருப்பதுதானே என்று வியப்பின்றி எழுந்தார். கவலியேரே மரச்சட்டங்களைக் கட்டித் தழுவி அழுதார். பின்பு அவற்றை அடுக்கி அங்கேயே நெருப்பு மூட்டி, ஊருக்கு இறைச்சி சுடச் சொன்னார்.

டாக்டர் ஃபுல்ஜென்ஸியோ இறங்கி வந்தார். அவர் முகத்தில் சினமில்லை. உண்மையான துயரம் இருந்தது.

"கவியோலி, உங்களுக்காக நான் வருத்தப்படுறேன். கூடத்தோட சிறந்த மாணவர் நீங்க. நாற்காலியை நீங்க தடுத்ததை இன்னும் பேசிக்கிறாங்க. மிஸ்டர்ன்னா நிக்கிறவர். களத்துக்குள்ள முழங்கால் ஊன்றினவர் மிஸ்டர் ஆகமாட்டார். உரிமம் ரத்து."

"அணி பிழைச்சுருச்சே, டாக்டர்."

"அது எங்களுக்குத் தெரியும். அதுக்கு நாங்க பொறுப்பில்ல. இத்தனை வருஷத்துல எந்த அணியைக் காப்பாத்தினதுக்கும் சம்மேளனத்தை யாரும் குற்றம் சொன்னதில்ல. இனியும் சொல்லவிட மாட்டோம்." தொலைநோக்கியை உறையிலிட்டார். "அடுத்த வருஷம் மசாஜ்காரராவே பதிஞ்சுக்கங்க. பேசாம தேயுங்க."

அவர் சென்றார். நெருப்பின் அருகே ஊர் பாடிக்கொண்டிருந்தது. எர்மெஸ் சுரங்க வழியில் தனியே நடந்தார். புதுக் காற்சட்டையின் இரு முழங்கால்களிலும் பச்சையும் கருமையுமாகச் சேறு அப்பியிருந்தது. நீவெஸ் என்ன சொல்வாள் என்று எண்ணிக்கொண்டார். மாடத்தின் முன் நின்றார்.

பையிலிருந்து கற்பூர எண்ணெய்ப் புட்டியை எடுத்தார். அடியில் சிறிது மிச்சம் இருந்தது. விளக்கில் ஊற்றினார். பையிலிருந்த பஞ்சைத் திரியாகத் திரித்து இட்டார். தீக்குச்சி இரண்டு முறை அணைந்து, மூன்றாம் முறை பற்றியது. யாருடைய பதவிக்கும் உரியதல்லாத அந்த விளக்கு எரிந்தது. எர்மெஸ் மண்டியிட்டார். வேண்டிக்கொள்ள ஒன்றும் தோன்றவில்லை. ஆதலால் வெறுமனே இருந்தார்.

பின்னால் கைத்தடி ஓசை கேட்டது. ப்ரொஃபஸர் ஸம்பெல்லி, கழுத்தில் உரிமத்தோடு, சுட்ட இறைச்சித் துண்டொன்றைக் காகிதத்தில் ஏந்தி நெருப்படியிலிருந்து வந்துகொண்டிருந்தார். விளக்கைப் பார்த்தார். மண்டியிட்ட மனிதரைப் பார்த்தார். அன்று அவர் முழுதாக விழித்திருந்தார். தொப்பியைக் கழற்றிவிட்டு, கையை எர்மெஸின் தலைமேல் வைத்தார்.

"மாதா உங்களைக் காக்கட்டும், விழுற பிள்ளைகளுக்கெல்லாம் உங்களை விட்டுவைக்கட்டும். நல்லாயிருங்க, மிஸ்டர்."